வெப்கேமில் நீண்ட எக்ஸ்போஷர்: எந்த வயரை வெட்டுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 650 மி.மீ., மோட்டார் இல்லாத ஈக்வடோரியல் ஸ்டாண்டு (ஓர் அச்சைத் திருப்பினாலே நட்சத்திரத்தைப் பின்தொடரும் வகை). ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய 720பி வெப்கேம் சும்மா கிடக்கிறதாம். "உள்ளே ஒரு வயரை வெட்டினால் நிமிடக் கணக்கில் எக்ஸ்போஷர் வரும் என்று படித்தேன். எந்த வயர் அது? அப்புறம், சூடு குறைய பெல்டியர் வைக்கலாமா?" இதுதான் கேள்வி. எக்ஸ்போஷர் என்பது கேமரா ஒரு படத்துக்கு வெளிச்சம் சேர்க்கும் நேரம்; பெல்டியர் என்பது மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு.

முதலில் கட்டரைக் கீழே வையுங்கள். உங்களிடம் இருக்கும் கேமராவில் அந்த வயரே கிடையாது.

நீங்கள் படித்தது பொய்யில்லை, பழைய கதை. 2000-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டீவ் சேம்பர்ஸ் பிலிப்ஸ் வெஸ்டா ப்ரோ கேமராவைத் திறந்து இந்த வேலையைச் செய்து காட்டினார். அவருடைய முதலெழுத்துகளை வைத்து அதற்கு எஸ்சி1 என்றே பெயர் ஆகிவிட்டது. பிறகு பிலிப்ஸ் டூயூகேம் ப்ரோ வந்தது. அந்த இரண்டிலும் உள்ளே இருந்தது சோனியின் ஐசிஎக்ஸ்098 வகை சிசிடி சென்சார். 640-க்கு 480 புள்ளிகள், புள்ளி ஒவ்வொன்றும் 5.6 மைக்ரான். இன்றைய 720பி, 1080பி வெப்கேம் எல்லாமே சீமாஸ் என்ற வேறு வகைச் சென்சார். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

சிசிடியில் வெளிச்சம் விழும் குழி வேறு, அதைத் தூக்கிக்கொண்டு போகும் பாதை வேறு. தெருக்குழாயில் குடம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரு மேஸ்திரி விசில் அடிக்கும்போதெல்லாம் எல்லாக் குடங்களையும் ஒரே நேரத்தில் பக்கத்துத் தொட்டியில் கவிழ்க்க வேண்டும். தொட்டியிலிருப்பது வரிசையாகக் கணினிக்குப் போகும். சாதாரண வெப்கேமில் விசில் நொடிக்கு ஐந்து முறையாவது கேட்கும். அதனால் ஒரு குடத்துக்கு அதிகபட்சம் 0.2 வினாடித் தண்ணீர்தான். மங்கலான நெபுலாவுக்கு, அதாவது விண்வெளி வாயு மேகத்துக்கு, அது எந்த மூலைக்கும் காணாது.

அந்த விசில்தான் டைமிங் சிப்பிலிருந்து, சென்சாரை இயக்கும் வெர்ட்டிகல் டிரைவர் சிப்புக்குப் போகும் ரீட்-அவுட் பல்ஸ். சிசிடி வெப்கேமில் டைமிங் சிப், டிரைவர், சென்சார் மூன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், நடுவே செம்புக் கோடு ஓடும். கோடு இருந்தால் வெட்டலாம், வெட்டிய இடத்தில் நம் ஸ்விட்சைச் செருகலாம். சீமாஸில் மேஸ்திரி, விசில், குடம், தொட்டி எல்லாம் ஒரே சில்லுக்குள். வெளியே வருவது கணக்குப் பார்த்து முடித்த எண்கள் மட்டும்தான். அங்கே எந்தக் கோட்டை வெட்டினாலும் கேமரா சாகும், எக்ஸ்போஷர் நீளாது.

சரி, 720பி கேமரா வீணா என்றால் இல்லை. அதன் லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள். சென்சாருக்கு முன்னால் தொலைநோக்கியில் பொருந்தும் குழாயை ஒட்டுங்கள். ஃபோகஸரின் துளை 31.75 மி.மீ., நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 32 மி.மீ. பிவிசி பைப்பை உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்தால் கச்சிதமாக உட்காரும். முன்பெல்லாம் போட்டோ ஸ்டுடியோவில் கறுப்பு பிலிம் டப்பா கேட்டு வாங்கி அடியை அறுத்துச் செருகுவோம். இப்போது டப்பாவும் இல்லை, பாதி ஸ்டுடியோக்களும் இல்லை. இந்த கேமராவால் வியாழன், சனி, நிலாவின் பள்ளங்கள் நன்றாக எடுக்கலாம். கிரகங்களுக்கு நீண்ட எக்ஸ்போஷர் தேவையே இல்லை. இரண்டு நிமிட வீடியோ எடுத்து, காற்று அசையாத நொடிகளில் வந்த ஃபிரேம்களை மட்டும் ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருளில் பொறுக்கி அடுக்கினால் போதும். எந்த மாற்றமும் செய்யாத வெப்கேமின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து.

ஆனாலும் அந்த வேலையைச் செய்துதான் பார்ப்பேன் என்றால், முதலில் சரியான கேமராவைத் தேடுங்கள். டூயூகேம் ப்ரோ, டூயூகேம் ப்ரோ 2, கடைசியாக வந்த எஸ்பிசி900என்சி, லாஜிடெக் குவிக்கேம் ப்ரோவின் 3000, 4000 மாடல்கள். ரிச்சி தெருவில் புதிதாகக் கேட்டால் சிரிப்பார்கள். மூர் மார்க்கெட் பக்கம் பழைய கணினிச் சாமான் குவித்திருக்கும் இடத்தில் பொறுமையாகக் கிளற வேண்டும். டப்பாவில் மெகாபிக்சல் பெரிதாகப் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள், நமக்கு வேண்டியது விஜிஏ (640-க்கு 480 புள்ளி) என்று பாவமாகப் போட்டிருப்பது. திறந்து பார்க்க விட்டால், சென்சாரைச் சுற்றிப் பல சிப்புகள் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு சிப்பும் நாலைந்து கப்பாசிடரும் மட்டும் என்றால் அது சீமாஸ்.

கணினியில் போடும் டிரைவர் மென்பொருள் இன்னொரு தொல்லை. டூயூகேம், எஸ்பிசி900 போன்றவற்றுக்கு 64-பிட் விண்டோஸ் டிரைவரை பிலிப்ஸ் கொடுக்கவில்லை. லினக்ஸில் பிடபிள்யூசி டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, செருகினால் வேலை செய்யும். அல்லது எக்ஸ்பி போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடுங்கள். அதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இனி வெட்டும் இடம். ரீட்-அவுட் பல்ஸின் வோல்டேஜ் ஓய்வில் இருக்கும்போது 'ஹை', விசில் அடிக்கும் கணத்தில் மட்டும் 'லோ'. மாடலைப் பொறுத்து ஒரு கோடோ இரண்டு கோடோ இருக்கும். அந்தக் கோட்டை வெர்ட்டிகல் டிரைவரின் காலருகே பிரித்து, நடுவில் ஒரு 'ஆர்' (OR) கேட் வைக்க வேண்டும்; உள்ளே வரும் இரண்டில் ஒன்று ஹை ஆனாலும் வெளியே ஹை அனுப்பும் சுற்று அது. 74ஹெச்சி32 போதும், ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கேட்டின் ஒரு காலில் பழைய பல்ஸ், இன்னொரு காலில் கணினியிலிருந்து வரும் நம் கட்டளை. கட்டளை ஹை ஆக இருக்கும்வரை வெளியே ஹை மட்டுமே போகும். மேஸ்திரி விசில் ஊதிக்கொண்டே இருப்பார், யார் காதிலும் விழாது. கட்டளை லோ ஆனதும் அடுத்த விசிலுக்கு எல்லாக் குடமும் ஒன்றாகக் கவிழும். கேட்டுக்குக் கொடுக்கும் சப்ளை அந்த சிப் ஓடும் வோல்டேஜாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுவார்கள்: ஷட்டர் பல்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அது குடத்திலிருப்பதைத் தொட்டிக்கு அனுப்பாமல் சாக்கடையில் கொட்டும் வேலை. கேமரா பகல் வெளிச்சத்தில் எக்ஸ்போஷரைக் குறைக்க இதைப் பயன்படுத்துகிறது. ரீட்-அவுட்டை மட்டும் நிறுத்தி இதை விட்டுவிட்டால், பத்து வினாடி காத்திருந்தும் படம் கறுப்பாகவே வரும். அதே 'ஆர்' கேட் சிப்பில் நாலு கேட் இருக்கிறது. ஒன்றை இதற்குக் கொடுங்கள்.

சால்ட்ரிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். டிரைவர் சிப்பின் கால்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும். நான் செய்த விதம்: மெல்லிய தையல் ஊசியைக் காலுக்கு அடியில் லேசாக நுழைத்து, ஊசியின் மறுபக்கத்தை இடது கை விரலால் தொட்டு மட்டும் வைத்துக்கொண்டு, 25 வாட் அயர்னின் கூர் நுனியை அந்தக் கால் மேல் ஒரு நொடி வைப்பேன். ஈயம் இளகும் கணத்தில் கால் தானாக மேலே எழும்பும். விரல் அழுத்தினால் கால் ஒடியும். என் முதல் கேமராவில் ஒடிந்தது. சிப்பின் உடம்பையே பிளேடால் சுரண்டி, உள்ளே தெரிந்த துணுக்கு உலோகத்தில் ஒட்டவைத்தேன். அது ஓடியது என்பதை இன்றும் என்னாலேயே நம்ப முடியவில்லை. வயருக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் துண்டு எனாமல் கம்பி கேளுங்கள், தலைமுடி தடிமனில் இருப்பது. கம்பிகளை ஒட்டியதும் பசை வைத்து போர்டோடு பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் மூடும்போது பிய்த்துக்கொண்டு வரும்.

வேலை சரியா என்று பார்க்க வானம் தேவையில்லை. லென்ஸைப் பழையபடி மாட்டுங்கள். இரவில் அறையை மூடி, எல்லா விளக்கையும் அணைத்து, ஓர் ஊதுபத்தி மட்டும் கொளுத்தி வையுங்கள். சாதாரண ஃபிரேமில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும், வேறெதுவும் இருக்காது. இரண்டு வினாடிக்கு ஊதுபத்தி ஸ்டாண்டு தெரிய ஆரம்பிக்கும். பத்து வினாடிக்குச் சுவரில் மாட்டிய காலண்டர் வரும். முதன்முதலில் அந்தக் காலண்டர் திரையில் வந்த இரவு நான் வீட்டிலுள்ளவர்களையெல்லாம் எழுப்பிக் காட்டினேன். "காலண்டரா? லைட்டைப் போட்டா எங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கட்டளையை எப்படி அனுப்புவது? அந்தக் காலத்தில் பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட்தான். அதன் 2-ஆம் காலிலிருந்து 9-ஆம் கால் வரை டேட்டா கோடுகள், 18 முதல் 25 வரை கிரவுண்டு. கே3சிசிடி டூல்ஸ் என்ற மென்பொருள் ஒரு டேட்டா காலை ஏற்றி இறக்கி, குடம் கவிழும் அந்த ஒரே ஃபிரேமைப் பிடித்துச் சேமிக்கும், நடுவில் வரும் கறுப்பு ஃபிரேம்களைத் தூக்கிப் போட்டுவிடும். பழைய டெஸ்க்டாப்பில் உள்ள லாபம் இதுதான். யூஎஸ்பி-பிரிண்டர் கேபிள் வாங்கிப் பேரலல் போர்ட் ஆக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது பிரிண்டரோடு மட்டும்தான் பேசும், தனியாக ஒரு காலை ஏற்றி இறக்க விடாது. புது மடிக்கணினி என்றால் ஓர் ஆர்டுயினோ நானோவை நடுவில் வைத்து, பிசி817 ஆப்டோகப்ளர் (மின்தொடர்பில்லாமல் ஒளியால் சிக்னல் கடத்தும் சிப்) வழியாகக் கட்டளையைக் கொடுங்கள். கணினியின் மின்சாரமும் கேமராவின் மின்சாரமும் தொட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது, மொட்டை மாடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் இருக்கிறது என்று யார் அடித்துச் சொல்வது?

இவ்வளவும் ஆனபின் முதல் பத்து வினாடிப் படத்தில் ஒரு மூலை மட்டும் விடிந்தது போல வெளுத்திருக்கும். அது தெருவிளக்கு இல்லை. சிசிடியின் மூலையிலேயே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர், சும்மா இருக்கும்போதும் அகச்சிவப்பில் மினுங்கிக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்போஷர் நடக்கும்போது அதன் சப்ளையை ஒரு டிரான்சிஸ்டரால் துண்டித்து, கவிழ்ப்பதற்குச் சற்று முன்னால் திருப்பிக் கொடுப்பார்கள். செய்தால் நல்லது, கட்டாயமில்லை. தொலைநோக்கியை மூடி, அதே எக்ஸ்போஷரில், அதே சூட்டில் எடுத்த டார்க் ஃபிரேமைக் கழித்தால் பெரும்பகுதி போய்விடும்.

இனி நம் ஊர்க் கதை. எத்தனை நிமிடம் எக்ஸ்போஷர் கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். நிமிடமே வேண்டாம்.

உங்கள் மாடியில் நின்றால் கிழக்கே காசிமேடு, தென்கிழக்கே துறைமுகத்தின் உயரக் கம்ப விளக்குகள், தெற்கே முழு நகரம், வடமேற்கே மணலி ஆலைகளின் செம்மஞ்சள் மூட்டம். நெபுலா குடத்தில் ஒரு சொட்டு விழும் நேரத்தில் வானத்தின் வெளிச்சம் நாலு சொட்டு விழும். என் ராயபுரம் மாடியில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி வைத்து முப்பது வினாடி போனால் பின்னணி கறுப்பிலிருந்து வெந்த சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வெப்கேமின் எண்கள் 0 முதல் 255 வரை மட்டும்தான், அதில் கால்வாசியை வானத்துக்கே தாரை வார்த்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து வினாடி எக்ஸ்போஷராக இருநூறு ஃபிரேம் எடுத்து அடுக்குங்கள். அதே மொத்த நேரத்துக்கு நீளமாக எடுத்த பத்துப் படங்களைவிட இது நம் வானத்தில் நன்றாக வரும். ஒரு ஃபிரேமில் விமானம் குறுக்கே வந்தாலும் அதை மட்டும் தூக்கிப் போடலாம்.

அதைவிடப் பெரிய தடை உங்கள் ஸ்டாண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மி.மீ. குவியத்தூரத்தில் 5.6 மைக்ரான் புள்ளி ஒன்று வானில் சுமார் 1.8 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை). வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. மோட்டார் இல்லாவிட்டால் ஒரே நொடியில் நட்சத்திரம் எட்டுப் புள்ளி கோடு இழுத்துவிடும். பத்து வினாடி எக்ஸ்போஷருக்கு கேமராவை அறுத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு ஒரு நொடிகூடத் தாங்காத ஸ்டாண்டு! ஆகவே அயர்னைச் சூடாக்கும் முன், வானத்தோடு சேர்ந்து ஸ்டாண்டைத் தானாகத் திருப்பும் ஆர்ஏ மோட்டார் வாங்குங்கள். அல்லது தொலைநோக்கியையே விட்டுவிட்டு, பழைய பிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸை இந்தச் சென்சாருக்கு முன்னால் பொருத்துங்கள். அப்போது புள்ளி ஒன்று 23 விகலை, மோட்டார் இல்லாமலே ஒன்றரை வினாடி தாங்கும். கையால் ஆர்ஏ குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம். பார்வைப் புலமும் நாலு பாகைக்கு மூன்று பாகை கிடைக்கும், ஓரியன் நெபுலா முழுதாக அடங்கும். தொலைநோக்கியில் அதன் நடுப்பகுதிதான் வரும், பௌர்ணமி நிலாகூட முழுதாக அடங்காது.

துருவ நேர்ப்படுத்தல், அதாவது ஸ்டாண்டின் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கி வைப்பது, இங்கே ஒரு தனி வேதனை. சென்னையின் அட்சரேகை 13 பாகை, அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து ஏறக்குறைய 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கடல் ஈரமும் அதை மூடியே வைத்திருக்கும். எதிரில் ஒரு மாடி வீடு இருந்தால் அதுவும் போச்சு. நான் அதைத் தேடுவதையே விட்டுவிட்டேன். டிரிஃப்ட் முறைதான்: தலைக்கு மேலே நடுவானில் ஒரு நட்சத்திரம், கிழக்கே ஒரு நட்சத்திரம், ஒவ்வொன்றும் திரையில் மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்து ஸ்டாண்டைத் திருத்துவது. கிழக்கே கடல் இருப்பது இங்கேதான் கை கொடுக்கிறது. படகு விளக்குகளுக்கு மேலே வந்துவிட்டால் மறைக்க எதுவுமில்லை.

எதை எடுப்பது என்றால், நட்சத்திரக் கொத்துகளை எடுங்கள். ஒளி மாசு நெபுலாவைக் கொல்லும் அளவுக்குக் கொத்துகளைக் கொல்வதில்லை. எம்13, எம்22, மே மாத முன்னிரவில் தெற்கே சுமார் 30 பாகை உயரம் ஏறும் ஒமேகா செண்டாரியின் நடுப்பகுதி. லைரா விண்மீன் குழுவின் எம்57 வளைய நெபுலா சின்னது, ஆனால் பளிச்சென்றது, திரையில் ஐம்பது புள்ளி அகலத்துக்கு வரும். 50 மி.மீ. லென்ஸில் மீரா போன்ற மாறும் நட்சத்திரங்களை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கலாம். 1867-இல் நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் ஆய்வகத்தில் ரகுநாதாச்சாரி ஆர் ரெடிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த ஊர் இது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். போகி இரவில் மட்டும் கேமராவைத் தொடாதீர்கள். விடிகாலையில் லென்ஸில் டயர்க் கரி படிந்திருக்கும்.

கடைசியாகப் பெல்டியர். யோசனை தவறில்லை. சென்சாரின் சூடு ஆறேழு டிகிரி ஏறினால் அதன் டார்க் கரண்ட் (வெளிச்சமே இல்லாமல் சூட்டால் மட்டும் சேரும் சிக்னல்) இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஏப்ரலில் நம் மாடித் தளம் நடுராத்திரியிலும் தோசைக்கல் மாதிரி இருக்கும்போது, படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சூட்டுப் புள்ளிகள் தெளித்திருக்கும். ஆனால் குளிரூட்டினால் என்ன நடக்கும் என்று கடற்கரை ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு நிமிடத்தில் எப்படி வேர்க்கும்? சென்சார் கண்ணாடியும் அப்படியே வேர்க்கும். அந்த நீர் பக்கத்துக் கால்களில் வழிந்து, உப்புக் காற்றோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். என் இரண்டாவது கேமரா ஒரே சீசனில் அப்படித்தான் போனது. காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிகா ஜெல்லோடு அடைக்க முடியாதவர்கள் பெல்டியர் பக்கமே போக வேண்டாம். போர்டின் பின்பக்கம் ஒரு சின்ன அலுமினியத் துண்டும், பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஐந்து வோல்ட் விசிறியும் போதும். அதற்கு முன் எல்லா இணைப்புகளின் மேலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, சென்சார் கண்ணாடியில் மட்டும் படாமல். வேலை முடிந்ததும் கேமராவை ஷெல்ஃபில் திறந்து வைக்காமல் மூடி போட்ட டப்பாவில், ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனதும் வாணலியில் லேசாக வறுத்தால் திரும்ப நீலமாகும். அடுக்களையில் சமைக்கும் வாணலியை எடுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.